வானிலை, கடல், துருவம்: வகுப்பறையில் எழும் கேள்விகளும் என் பதில்களும்

கடலோர மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை புவியியல் எடுக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் சந்திக்கும் ஆசிரியர்கள், பிள்ளைகளின் பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான்: பிள்ளை தன் கையால் அளந்த ஒன்றிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். பள்ளி முற்றத்தில் ஒரு டப்பாவில் விழுந்த மழையை அளந்து பழகிய பிள்ளைக்கு அண்டார்டிகா அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். புரிந்த மாதிரி தெரியவில்லையே?

வரையறையைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். நான் இரண்டு கேள்விகளோடு தொடங்குவேன். "இன்றைக்கு யார் யார் குடை கொண்டு வந்தீர்கள்?" இது முதல் கேள்வி. "உங்கள் வீட்டில் ஐப்பசி மாதம் கல்யாணம் வைத்தால் பந்தல் எப்படிப் போடுவார்கள்?" இது இரண்டாவது. முதல் கேள்விக்குக் காலையில் வானத்தைப் பார்த்த பிள்ளை பதில் சொல்லும். இரண்டாவதற்கு எல்லாரும் சேர்ந்து "தகரக் கொட்டகை, சார்" என்பார்கள். ஐப்பசி முகூர்த்தத்தன்று மழை பெய்யுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கீற்றுப் பந்தலை நம்ப மாட்டார்கள். அந்த நாளில் நடப்பது வானிலை. தகரம் போடச் சொல்வது காலநிலை.

'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை', 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' போன்றவையும் காலநிலையைச் சொல்பவைதான். பல தலைமுறை பார்த்ததன் சராசரி அதில் இருக்கிறது. உலக வானிலை அமைப்பு அதையே எண்ணாகக் கேட்கிறது: தொடர்ந்து 30 ஆண்டுகளின் அளவுகளை எடுத்துச் சராசரி போட வேண்டும். இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 30 ஆண்டு என்றால் என்னவென்று பிடிபடாது. அதனால் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்வேன். பாட்டி சொல்வதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் கூடவே சொல்லிவிடுவேன். பெரிய மழையும் பெரிய பஞ்சமும்தான் நினைவில் நிற்கும். சாதாரண வருடங்கள் மறந்துபோகும். ஏட்டில் எழுதி வைக்க வேண்டிய அவசியம் அங்கேதான் பிள்ளைக்குப் புரிகிறது.

எங்கள் பள்ளியில் கருவி எதுவும் இல்லை. எதை வைத்து அளப்பது?

மழைமானி ஒன்று போதும், அதையும் நாமே செய்யலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்யும்போது தவறுகிற இடங்கள் இதில் நிறைய.

இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை எடுத்து, மேல்பகுதி குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய வாய்ப்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே செருகினால் அதுவே புனல். வெயிலில் தண்ணீர் ஆவியாவதை அது குறைக்கும். பாட்டிலின் அடி சமமாக இருக்காது, மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் அடியில் கூழாங்கல் போட்டு, பக்கச் சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போட்டு 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் அளந்த பிறகு அந்தக் கோடு வரை தண்ணீர் நிற்க வேண்டும். கொசு முட்டையிடாமல் இருக்க அந்தத் தண்ணீரை அடிக்கடி மாற்றிவிடுங்கள்.

நேரான சுவர் உள்ள எவர்சில்வர் சம்படம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆனால் அதில் ஸ்கேலை விட்டு அளக்கும்போது ஒரு தவறு நடக்கும். ஸ்கேலின் பூஜ்யம் நுனியில் இருப்பதில்லை; அரை சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்கும். எங்கள் பள்ளியில் முதல் இரண்டு வாரம் வந்த அளவெல்லாம் 5 மி.மீ. குறைவு. சம்படத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, ஸ்கேலோ பூஜ்யத்துக்கும் கீழே காட்டுகிறது என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றபோதுதான் எனக்கே உறைத்தது. அந்த இரண்டு வார எண்களையும் அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். அந்தப் பக்கத்தை ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

மானியைச் சுவர் ஓரத்திலோ மரத்தடியிலோ வைக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கட்டடத்தின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அதைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு, அதற்கு முந்தைய 24 மணி நேர மழையைக் கணக்கெடுக்கிறது. நாமும் அதே நேரத்தில் எடுத்தால் செய்தியில் வரும் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடலாம். மழை இல்லாத நாளிலும் 0.0 என்று எழுத வேண்டும், இடத்தை வெறுமனே விடக் கூடாது. மழை இல்லை என்பது ஒரு செய்தி. அளக்கவில்லை என்பது வேறு செய்தி.

அகலமான டப்பாவில் மழை அதிகமாக விழுமே, அளவு மாறாதா?

இந்தக் கேள்வி வரும் வரை காத்திருங்கள், நீங்களாகச் சொல்லாதீர்கள். வந்ததும் ஒரு சின்ன டப்பாவையும் ஒரு அண்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இரண்டும் நேரான சுவர் உள்ளவையாக இருந்தால், மழை விட்டபின் தண்ணீரின் உயரம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். அண்டாவில் விழும் தண்ணீர் அதிகம், ஆனால் அது பரவும் தரையும் அதிகம். அதனால்தான் மழையை லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறோம்.

அப்புறம் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் அது 1 லிட்டர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்றில் மட்டும் எவ்வளவு தண்ணீர் விழுந்திருக்கும்? 49,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் நான்கு லாரிக்கும் மேல், ஒரு மாடிக்கு மட்டும். இதைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும் வகுப்பில் சத்தமே இருக்காது.

தொலைக்காட்சியில் 'தாழ்வுப் பகுதி', 'தாழ்வு மண்டலம்' என்கிறார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது.

அவை ஒரே பிள்ளையின் வெவ்வேறு வயது என்று சொல்லுங்கள். காற்று எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதுதான் வயது. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ் இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். 89-ல் தீவிரப் புயல், 118-ல் மிகத் தீவிரப் புயல்.

நான் வகுப்பில் செய்வது இதுதான்: அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள் போட்ட வங்காள விரிகுடா வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைப்பேன். அறிக்கையில் புயலின் இடத்தை எண்ணாகச் சொல்வார்கள். காலையும் மாலையும் ஒரு பிள்ளை போய்ப் புள்ளி வைக்கும், தேதியும் நேரமும் எழுதும். மூன்று நாளில் பாதை தெரிந்துவிடும். அட்சரேகை எதற்கு என்று ஒரு வருடம் கத்திச் சொன்னாலும் ஏறாத பாடம், வீட்டை நோக்கி வரும் புள்ளியைப் பார்த்தால் ஏறிவிடுகிறது.

துறைமுகம் பக்கத்தில் இருந்தால் புயல் எச்சரிக்கைக் கூண்டைக் காட்டுங்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 10 என்றால் பெரும் அபாயம், புயல் அந்தத் துறைமுகத்தின் மீதே அல்லது மிக அருகில் கடக்கும் என்று பொருள். 11 என்றால் தகவல் தொடர்பே அற்றுவிட்டது என்று அர்த்தம். எண் கூடுவது புயலின் பலத்தை மட்டும் காட்டுவது இல்லை. அந்தத் துறைமுகத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதைக் காட்டுகிறது. நாகப்பட்டினத்தில் ஒரு எண்ணும் அதே நேரத்தில் சென்னையில் வேறு எண்ணும் ஏன் ஏற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல விவாதம் நடக்கும்.

புயலைப் பற்றிப் பேசினாலே சில பிள்ளைகள் பயந்துபோகிறார்கள். விட்டுவிடலாமா?

விட வேண்டாம். ஆனால் நிதானமாகச் செய்யுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அந்த இரவில் கூரை பறந்ததைக் கண்ட பிள்ளைகள் அதற்கடுத்த ஆண்டுகளில் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று கொஞ்சம் ஊளையிட்டாலே ஒரு பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பான்.

சேதப் படங்களை நான் காட்டுவதில்லை. அவர்கள் அதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். அதற்குப் பதில், அந்தப் புயலின் பாதையைப் புள்ளி புள்ளியாக வரையச் சொன்னேன். கரை கடப்பதற்குப் பல நாள் முன்பே அது கடலில் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அப்ப அவங்க முழிச்சிக்கிட்டே இருந்தாங்களா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் வரைபடத்தில் புள்ளி வைக்கும் வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

வகுப்பறைக்குள் கடலை எப்படிக் கொண்டு வருவது?

இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டு ஐஸ் கட்டி, உப்பு, சொட்டு நீலம். எனக்குத் தெரிந்து கடலைப் பற்றி இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதல் நாள் இரவு தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டு உறைய வையுங்கள். ஒரு டம்ளரில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்புக் கரைத்த தண்ணீர். உலகக் கடல்களின் சராசரி உப்பு அந்த அளவுதான். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கட்டும். எதில் ஐஸ் முதலில் உருகும் என்று கை தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் உப்புத் தண்ணீர் என்பார்கள். ஐஸ் வண்டிக்காரர் உப்புப் போடுவதைப் பார்த்திருக்கிறார்களே.

நடப்பது நேர்மாறு. நல்ல தண்ணீரில் ஐஸ் உருக உருக நீலம் நூல் நூலாகக் கீழே இறங்கும். உருகிய நீர் குளிர்ந்தது, சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கனமானது, அதனால் மூழ்கும். அது இறங்கிய இடத்துக்குக் கீழேயிருந்து சூடான நீர் மேலே வந்து ஐஸைத் தொடும். உப்பு நீரிலோ நீலம் இறங்கவே இறங்காது, மேலேயே ஒரு தட்டு மாதிரி நிற்கும். உப்பில்லாத நீர் லேசானது, உப்பு நீரின் மேல் மிதக்கும். குளிர்ந்த அந்தப் படலம் ஐஸைச் சுற்றிப் போர்வை போட்ட மாதிரி நிற்பதால் அது மெதுவாகவே உருகும். பிள்ளைகள் டம்ளருக்கு மூக்கைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவசரப்படாமல் பார்க்க விடுங்கள்.

இதிலிருந்து இரண்டு இடங்களுக்குப் போகலாம். முதலாவது நம் வங்காள விரிகுடா. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் கொண்டு வந்து கொட்டும் நல்ல நீர், கடலின் மேலே அந்த நீலத் தட்டு மாதிரியே பரவி நிற்கிறது. அடியில் உள்ள குளிர்ந்த நீரோடு எளிதில் கலப்பதில்லை. அதனால் மேற்பரப்பின் சூடு மேலேயே தங்கிவிடுகிறது. புயல் உருவாக மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் சூடாவது இருக்க வேண்டும். வங்காள விரிகுடா வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேலேதான். அரபிக்கடலைவிட இங்கே அதிகப் புயல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது துருவம். அங்கே கடல் உறையும்போது உப்பு பனிக்கட்டிக்குள் போகாமல் வெளியே தள்ளப்படுகிறது. மீதி நீர் அதிக உப்பாகி, கடும் குளிரும் சேர்ந்து, கனத்து அடிக்குப் போகிறது. உலகக் கடல்களின் அடியில் நகரும் குளிர்ந்த நீர் இப்படி மூழ்கியதுதான். நிலத்துப் பனி நிறைய உருகி நல்ல நீர் மேலே பரவினால் இந்த மூழ்குதல் தடைப்படும் என்பதை நீலத் தட்டைப் பார்த்த பிள்ளை தானாகவே சொல்லும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் பேசவே மாட்டேன் என்கிறார்கள்.

காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் 'தென்மேற்குப் பருவக்காற்று' என்று இருப்பது அவர்கள் வீட்டில் கச்சான். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. யாழ்ப்பாணத்திலும் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் உண்டு. பழைய தமிழிலும் நான்கு திசைக்கும் நான்கு பெயர்: வாடை, தென்றல், கொண்டல், கோடை.

நான் ஒரு தடவை கரும்பலகையில் வட்டம் போட்டுத் திசைகளை மட்டும் குறித்துவிட்டு, காற்றின் பெயரை எழுதும்படி சுண்ணாம்புக்கட்டியைக் கடைசி பெஞ்சுக்குக் கொடுத்தேன். பெயரோடு நிற்காமல், எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும், எதில் வலை போடக் கூடாது என்பது வரை ஒருவன் சொன்னான். அன்றைக்கு மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. வானிலைப் பாடத்தில் அந்தப் பிள்ளைகள்தான் நமக்கு ஆசிரியர்கள்.

கடல்காற்றும் அப்படியே. மத்தியானம் கடற்கரை மணலில் கால் வைத்தால் சுடும், இரண்டடி தள்ளி அலையில் வைத்தால் சில்லென்று இருக்கும். இது தெரியாத பிள்ளை இல்லை. ஒரே வெயில், இரண்டு சூடு. சூடான நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடலின் மேல் இருந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. பருவக்காற்றை இதன் பெரிய உருவம் என்று தொடங்கிவிட்டு, பூமியின் சுழற்சியையும் மற்றதையும் அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு வடதுருவமும் தென்துருவமும் எதற்கு?

நிழலில் தொடங்குங்கள். ஒரு மீட்டர் குச்சியை முற்றத்தில் நட்டு வையுங்கள். சென்னை இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் ஒரு நாள் உச்சிப்பொழுதில் நிழலே இருக்காது. துருவத்தில் சூரியன் எவ்வளவு ஏறினாலும் 23.5 டிகிரிக்கு மேல் ஏறாது. அதே குச்சி அங்கே கோடையின் உச்சத்தில்கூட 2.3 மீட்டர் நிழல் போடும். டார்ச்சை நேராகவும் சாய்த்தும் சுவரில் அடித்துக் காட்டினால், அதே வெளிச்சம் பரந்து மங்குவது தெரியும். குளிருக்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம் வெள்ளை நிறம். புதுப்பனி தன் மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டு பங்குக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடலோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். பனி குறைந்தால் கடல் தெரியும், கடல் தெரிந்தால் சூடு கூடும், சூடு கூடினால் பனி இன்னும் குறையும். ஆர்க்டிக் கடலில் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு 2012-ல் சுமார் 34 லட்சம் சதுர கி.மீ. வரை சுருங்கியது. செயற்கைக்கோள் கணக்கில் அதுதான் மிகக் குறைவு.

ஒரு குழப்பத்தை முதல் வகுப்பிலேயே தீர்த்துவிடுங்கள். வடக்கே இருப்பது நிலம் சூழ்ந்த கடல், தெற்கே இருப்பது கடல் சூழ்ந்த நிலம். பனிக்கரடி வடக்கே மட்டும். பனியில் வாழும் பென்குயின்கள் தெற்கே. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்த அட்டைகள் கடையில் விற்கின்றன, வாங்காதீர்கள்.

இந்தியாவுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் ஆச்சரியமாகக் கேட்பார்கள். முதல் பயணம் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டது, தலைமை எஸ்.இசட். காசிம். 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறங்கினார்கள். முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரி, அப்புறம் 1989-ல் மைத்ரி, 2012-ல் பாரதி. வடக்கே ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் 2008-ல் தொடங்கிய ஹிமாத்ரி நிலையம். மைத்ரியில் குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. "அப்ப அவங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?" என்பது எல்லா வருடமும் வரும் கேள்வி. கடிகாரம் பார்த்துத்தான் என்பேன்.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானது பனியில் அடைபட்ட காற்று. அண்டார்டிகாவில் பனி பெய்து பெய்து அழுந்தும்போது அந்தக் காலத்துக் காற்று குமிழியாக உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஆழமாகத் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுகள் வரை பழைய காற்று கிடைத்திருக்கிறது. அந்த நீண்ட காலம் முழுவதும் கரியமில வாயு பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 180-க்கும் 300-க்கும் இடையே ஏறி இறங்கியது. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நம் டப்பா மாதிரியே அந்தப் பனியும் ஒரு மானிதான், யாரும் கேட்காமலே குறித்து வைத்திருக்கிறது.

பனி உருகினால் கடல் மட்டம் உயரும் என்கிறோம். டம்ளரில் ஐஸ் உருகினால் தண்ணீர் வழியவில்லையே?

சரியாகக் கேட்ட பிள்ளையைப் பாராட்டுங்கள். மிதக்கும் பனி உருகினால் மட்டம் உயர்வதில்லை, தன் எடைக்குச் சமமான இடத்தை அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இன்னொரு பாத்திரத்தில் கருங்கல் ஒன்றை வைத்து, ஐஸை அதன் மேல் வைத்து உருக விடுங்கள். மட்டம் ஏறும். ஆர்க்டிக் கடல்பனி முதல் வகை. கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது. கிரீன்லாந்துப் பனி முழுக்க உருகினால் கடல் சுமார் 7 மீட்டரும், அண்டார்டிகா உருகினால் சுமார் 58 மீட்டரும் உயரும். இது நாளைக்கு நடப்பதில்லை, பல நூறு, ஆயிரம் ஆண்டுக் கணக்கு என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

பனி உருகாமலே கடல் உயர்வதையும் மறக்க வேண்டாம். நீர் சூடானால் விரியும். 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் கிட்டத்தட்ட பாதி இப்படி வந்தது. பூமியில் கூடுதலாகச் சேரும் சூட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள்தான் போகிறது. 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரி 3.7 மி.மீ. உயர்ந்திருக்கிறது. "இவ்வளவுதானா?" என்பார்கள். 1901-லிருந்து சேர்ந்தது சுமார் 20 செ.மீ., ஒரு சாண். டெல்டாவில் நிலம் எவ்வளவு தட்டையாக இருக்கிறது, கிணற்று நீர் எங்கே கரிக்கத் தொடங்கியது என்று அவர்களையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

ஓசோன் ஓட்டையால்தான் பூமி சூடாகிறதா?

இல்லை. இரண்டும் வேறு. அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்ததை 1985-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். காரணம் குளிர்பதன, ஸ்பிரே வாயுக்கள். 1987-ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஓசோன் மெல்லத் தேறி வருகிறது. உலக நாடுகள் கூடி ஒன்றைச் சரிசெய்த கதை இது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கியவர் அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வானிலைத் துறையின் கருவிகளை நம் நாட்டில் செய்ய வைத்ததில் அவர் பங்கு பெரிது. பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவர் பெயர் கரும்பலகையில் ஏறாமல் இந்தப் பாடம் முடியக் கூடாது.

பாட்டிலில் சோடா உப்பும் வினிகரும் கலந்து, விளக்கு வைத்துச் சூடு ஏறுவதைக் காட்டும் சோதனையைச் செய்யலாமா?

நான் செய்வதில்லை. வெப்பநிலையில் வித்தியாசம் வரும், ஆனால் பெரும்பாலும் அது காட்ட நினைக்கும் காரணத்தால் வருவதில்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பாட்டிலுக்குள் சூடு கலைந்து போகும் விதமே மாறிவிடுகிறது. சரியான முடிவைத் தவறான வழியில் காட்டினால், நாளைக்கு விவரம் தெரிந்த ஒருவர் அதை உடைக்கும்போது பிள்ளை முழுப் பாடத்தையும் சந்தேகப்படும். அதற்கு வரலாற்றைச் சொல்லிவிடலாம்: 1856-ல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாய் அதிகம் சூடாவதைப் பார்த்தார். 1859-ல் ஜான் டிண்டால் சூட்டுக் கதிர்களை வாயுக்கள் விழுங்குவதை நேரடியாக அளந்தார்.

"காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

மாறியது உண்மை, பனித்தண்டே அதற்குச் சாட்சி. இப்போதைய மாற்றத்துக்குச் சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் மேல் அடுக்கு வரை சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு குளிர்கிறது. சூட்டைக் கீழேயே பிடித்துவைக்கும் வாயுக்கள் கூடினால் இப்படித்தான் நடக்கும். 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020-ல் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 1.1 டிகிரி கூடியிருக்கிறது. பெற்றோரிடம் வாதாட வேண்டாம். எண்ணைக் காட்டுங்கள், கேள்விக்கு நேரம் கொடுங்கள்.

எல் நினோவை எட்டாம் வகுப்புக்குச் சொல்ல முடியுமா?

பஞ்சத்தின் கதையாகச் சொன்னால் முடியும். 1876–78-ல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் கிராமங்களில் இன்னும் பேசுகிறார்கள். பல லட்சம் பேர் மடிந்தார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மழை பொய்த்தது மட்டுமே சாவுக்குக் காரணம் இல்லை. அந்த நேரத்திலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. இதை விட்டுவிட்டு வானிலையை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

அந்த மழை ஏன் பொய்த்தது? 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணிதக்காரர். உலகெங்குமிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை அடுக்கிப் பார்த்து, பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதைக் கண்டார், தராசுத் தட்டு மாதிரி. பசிபிக்கின் கிழக்கே கடல் வழக்கத்தைவிடச் சூடாவதைத்தான் எல் நினோ என்கிறோம்; அது இந்தத் தராசின் இன்னொரு முகம் என்பது பிறகு தெரிந்தது. 1877-ல் அப்படியொரு பலமான எல் நினோ. அது தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் குறைக்கும். நம் வடகிழக்குப் பருவமழையைப் பல சமயம் கூட்டும். 2015-ல் பலமான எல் நினோ இருந்தது, சென்னை வெள்ளமும் அந்த ஆண்டில்தான். 'பெரும்பாலும்', 'பல சமயம்' என்ற சொற்களைப் பிள்ளைகள் அடிக்கோடிட வேண்டும்.

"மழை வரும் என்று விடுமுறை விட்டார்கள், வெயில் அடித்தது" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளரின் கதையைச் சொல்லுங்கள். 1961-ல் கணினியில் வானிலைக் கணக்கு ஒன்றைத் திரும்ப ஓட்டியபோது 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றாக வந்த இரண்டு கணக்கும் பின்னால் அடையாளமே தெரியாமல் பிரிந்துபோயின. நாளை மறுநாளுக்குச் சொல்வதும் பத்து நாளைக்குச் சொல்வதும் ஏன் ஒன்றில்லை என்று இதில் விளங்கும். பிறகு ஒரு மாதம் வகுப்பே முன்னறிவிப்பு செய்யட்டும். காலை 9 மணிக்குக் கரும்பலகையில் எழுதி, மறுநாள் டப்பாவைப் பார்த்து மதிப்பெண் போட்டுக்கொள்ளட்டும். நான்காம் நாளே சிரிப்பு நின்றுவிடும்.

சுனாமியும் வானிலையில் சேருமா?

சேராது. 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம் கிளப்பிய அலை அது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது, சொல்வதற்குத்தான் ஏற்பாடு இல்லை. இப்போது ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007 முதல் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது என்பதை எந்த வகுப்பாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

பாடத்திட்டம் முடிக்கவே நேரம் இல்லை. இதெல்லாம் எப்போது செய்வது?

மழை அளக்க ஒரு நாளைக்கு மூன்று நிமிடம், அதுவும் காலை வழிபாட்டுக்கு முன். ஐஸ் சோதனைக்கு ஒரு பாடவேளை. வரைபடத்தில் புள்ளி வைக்க நேரமே வேண்டாம், இடைவேளையில் அவர்களே வைப்பார்கள். சராசரி, வரைபடத்தாள், சதவீதம் எல்லாம் கணக்கு ஆசிரியரின் பாடத்தில் வருகிறது. மழை ஏட்டை அவரிடம் கொடுங்கள், சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்.

வருடம் முடிந்ததும் அந்த ஏட்டை என்ன செய்வது?

பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஜூன் மாதம் புது வகுப்புக்கு முதல் நாள் கையில் கொடுங்கள். எங்கள் பள்ளியில் இப்போது ஆறாவது ஏடு ஓடுகிறது. நீல அட்டை போட்ட நீள நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, மி.மீ., அளந்தவர் கையெழுத்து. கோடை விடுமுறையில் சாவி காவலாளி அண்ணனிடம் இருக்கும், அவர்தான் அளப்பார். மே மாதப் பக்கங்களில் அவர் கையெழுத்து வரிசையாக இருக்கும்: 0.0, 0.0, 0.0, பிறகு ஒரு நாள் 22.4, பக்கத்தில் 'இடி' என்று ஒரு சொல்.